டேங்க் பளபளக்குது.. இன்ஜின் மட்டும் உரியுது! பழைய பைக் இன்ஜினுக்கு பெயின்ட் அடிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

அப்பா ஓட்டிய பழைய பைக்கைத் தூசி தட்டி மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டு வருவது பலருக்கும் பெரிய ஆசை. டேங்குக்கு புது பெயின்ட், ரிம்முக்கு குரோம், சீட்டுக்கு புது கவர் என எல்லாம் முடிந்து வண்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் கண்ணில் படும்.. நடுவில் இருக்கும் இன்ஜின் மட்டும் அதே பழைய கோலத்தில் இருக்கிறது என்று. கிளட்ச் கவரில் மஞ்சளாகித் தோல் தோலாக உரியும் கிளியர் கோட், மூலை முடுக்கில் வெள்ளைப் பொடி, ஃபின்களுக்கு நடுவில் கருகிப்போன எண்ணெய்ப் பிசுக்கு.

"ஒரு டப்பா சில்வர் அடிச்சா முடிஞ்சுது" என்று யாராவது சொல்வார்கள். அடிக்கலாம்தான். ஆனால் சில மாதத்தில் அதுவும் உரியும். அதைவிட மோசம், அவசரத்தில் செய்யும் வேலையால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினே பழுதாகலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சிக்கலும் வரலாம். பெயின்ட் அடிக்கும் வேலையில் அப்படி என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இன்ஜின் பெயின்ட் ஏன் உரிகிறது?

டேங்கில் இருக்கும் பெயின்டுக்கு வெயில், மழை இரண்டும்தான் எதிரி. இன்ஜினில் இருக்கும் பெயின்டுக்கு அதோடு சூடு, ஆயில், பெட்ரோல், டயர் தெறிக்கவிடும் கல் என்று எதிரிகள் அதிகம். காற்றில் குளிரும் இன்ஜினில், ஓடும்போது ஹெட் பகுதி சுமார் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். வண்டியை நிறுத்தினால் ஆறிவிடும். இப்படி ஒவ்வொரு பயணத்திலும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மேலே இருக்கும் பெயின்டும் கூடவே விரிந்து சுருங்க வேண்டும். முடியாதபோது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடுகிறது.

அந்த விரிசலிலோ கல் பட்ட இடத்திலோ தண்ணீர் உள்ளே போனால் ஆட்டம் ஆரம்பம். பல பைக்குகளில் கிளட்ச் கவர், மேக்னெட் கவர் போன்ற அலுமினிய பாகங்கள் மீது கம்பெனியிலேயே கிளியர் லேக்கர் அடித்திருப்பார்கள். பெயின்டர்கள் சுருக்கமாக 'கிளியர்' என்பார்களே, அதேதான். அதற்கு அடியில் ஈரமும் உப்பும் புகுந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கி, புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து பரவும். மேலே கிளியர் அப்படியே இருக்கும்; அரிப்பு அதற்குக் கீழே நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் எவ்வளவு பாலீஷ் போட்டாலும் அந்தக் கோடு போவதில்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரமே வந்துவிடும்.

இன்னொரு வில்லன் பிரேக் ஆயில். டிஸ்க் பிரேக்குக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில் ஒரு சொட்டு பட்டாலே பெயின்டைக் குழைய வைத்துவிடும்.

ஒரே இன்ஜின்.. இரண்டு உலோகம்!

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்ததில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த வண்டி இது. பழைய புல்லட்டின் சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. அதன் மேலே உட்காரும் ஹெட்டும், கீழே இருக்கும் கிராங்க் கேஸும் அலுமினியம்.

அதாவது ஒரே இன்ஜினில் இரண்டு வேறு நோய், இரண்டு வேறு மருந்து. பேரலில் பெயின்ட் போனால் ஒரு மழையிலேயே செந்துரு பிடிக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரால் துடைத்து, கழுவிக் காயவைத்த கையோடு பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கலாம் என்று விட்டால் காற்றில் இருக்கும் ஈரமே போதும், மறுபடி துரு எட்டிப்பார்க்கும்.

அலுமினியம் வேறு ரகம். சுத்தம் செய்த உடனே காற்று பட்டு அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். உலோகத்தைக் காப்பாற்றுவதும் அதுதான், சாதாரண பிரைமரை ஒட்டவிடாமல் செய்வதும் அதுதான். அதனால் அலுமினியத்துக்கு 'எட்ச் பிரைமர்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் இருக்கும் லேசான அமிலம் மேற்பரப்பைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கதவு, கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடை அலுமினிய கவரில் அடித்தால் பப்படம் மாதிரி எழும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. கறை போகவில்லையே என்று பாத்ரூம் ஆசிட்டையோ, அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவையோ இன்ஜின் மீது ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். காஸ்டிக் சோடா பட்டால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. கவர் கறுத்து, சொரசொரப்பாகி, பழைய நிலைக்கு வரவே வராது.

உரித்தெடுப்பதுதான் பாதி வேலை

உண்மையைச் சொன்னால் ஸ்ப்ரே பிடிக்கும் வேலை அரை மணி நேரம்தான். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு நாள் ஆகும். பெயின்ட் நிற்குமா உரியுமா என்பது அந்த இரண்டு நாளில்தான் முடிவாகிறது.

முதலில் ஆயில் கசிவு. பேக்கிங் ஓரத்தில் கசிவு இருந்தால் அதைச் சரி செய்யாமல் பெயின்ட் டப்பாவைத் தொடவே கூடாது. எண்ணெய்க்கு மேல் எந்த பெயின்டும் ஒட்டாது. அடுத்து டேங்கைக் கழற்றி தூரமாக வைத்துவிட்டு, பேட்டரி வயரை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் போட்டு பிரஷ்ஷால் பிசுக்கை எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கடைசியில் சுத்தமான துணியில் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். வார்ப்பு அலுமினியத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. பல வருஷ எண்ணெய் அதற்குள் ஊறிக் கிடக்கும். ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கினால் அது வியர்வை போல வெளியே வரும். அதையும் துடைத்து எடுக்க வேண்டும்.

வாட்டர் வாஷ் முடிந்ததும் இன்ஜின் பளபளக்க ஒரு ஸ்ப்ரே அடிப்பார்களே, அதில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும். அது மிச்சம் இருந்தால் புது பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

பழைய கிளியரை உரிக்க இரண்டு வழி. ஒன்று கெமிக்கல் பெயின்ட் ரிமூவர். தடவிச் சில நிமிடங்களில் கிளியர் சுருங்கி எழும்பும். வேலை சுலபம், ஆனால் ஆபத்தும் அதில்தான். பல ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அதன் ஆவியை சுவாசித்தால் உடல் அதை கார்பன் மோனாக்சைடாக மாற்றும். மூடிய அறையில் இதைப் பயன்படுத்தி உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால், அமெரிக்காவில் 2019-ல் பொதுமக்களுக்கான பெயின்ட் ரிமூவர்களில் இந்த ரசாயனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை இதைத் தாங்காது. மொட்டை மாடியிலோ, நாலு பக்கமும் திறந்த இடத்திலோ மட்டும்தான் இந்த வேலை. ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வழி தேய்ப்பது. 240-ல் தொடங்கி 320, 400 என்று வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். மரத்துக்குப் போடும் உப்புத்தாள் வேண்டாம். ஆழமாகக் கோடு விழும், அந்தக் கோடு பெயின்டுக்கு மேலும் தெரியும். வெள்ளைப் புழுக்கோடு இருக்கும் இடங்களில் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்ப்பது முக்கியம். கொஞ்சம் அரிப்பு மிச்சம் இருந்தாலும் புது பெயின்டுக்கு அடியில் அது பழைய இடத்திலிருந்தே தன் வேலையைத் தொடரும்.

பிளாஸ்டிங் கொடுத்தா வேலை முடிஞ்சிடுமா?

தேய்க்கப் பொறுமை இல்லாதவர்கள் நேராக சாண்ட் பிளாஸ்டிங் கடைக்குப் போவார்கள். பார்க்கப் புதுசு மாதிரி ஆகிவிடும் என்பது உண்மை. ஆனால் இன்ஜின்கள் சாவதும் இங்கேதான். அழுத்தக் காற்றில் பாயும் மணலும் கண்ணாடித் துகளும் ஆயில் போகும் துளைகள், போல்ட் துளைகள், பேரிங் இருக்கும் இடங்கள் என்று எல்லாவற்றிலும் போய் உட்காரும். கழுவியாச்சு என்று நினைத்து இன்ஜினை மாட்டினால், முதல் ஓட்டத்திலேயே அந்தத் துகள் ஆயிலோடு கலந்து பிஸ்டனையும் பேரிங்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும்.

எனவே இன்ஜினை மாட்டிய நிலையில் பிளாஸ்டிங் கூடவே கூடாது. கழற்றிய தனி கவர் என்றால் கொடுக்கலாம். கிராங்க் கேஸைக் கொடுப்பதானால் பேரிங், சீல் எல்லாம் எடுத்து, துளைகளை அடைத்து, பேக்கிங் உட்காரும் முகத்தை மறைத்துக் கொடுக்க வேண்டும். அந்த முகத்தில் சொரசொரப்பு விழுந்தால் ஆயில் கசிவு நிரந்தரம். திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு துளையிலும் சோப்புத் தண்ணீர், பிரஷ், அழுத்தக் காற்று என்று பலமுறை சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீரோடு கலந்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் அலுமினியத்துக்கு இன்னும் மென்மையானது, பூச்சே இல்லாமல் விடும் அளவுக்கு அழகான ஒரு மங்கல் பளபளப்பு கிடைக்கும். ஆனால் துகள் பிரச்னை அதிலும் உண்டு.

பவுடர் கோட்டிங்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். சுமார் 180, 200 டிகிரியில் அடுப்பில் வைத்து உருக்கும் பூச்சு என்பதால் ரப்பர் சீல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. நெருக்கமான ஃபின்களின் அடிவரை பவுடர் சரியாகப் போகாது. கவருக்கு ஓகே, பேரலுக்கு யோசிக்கணும்.

600 டிகிரி தாங்கும் பெயின்ட் வாங்கினா நல்லதுதானே?

கடையில் பெரும்பாலானோர் தப்பு பண்ணும் இடம் இதுதான். 250 டிகிரி என்று எழுதிய டப்பாவும் 600 டிகிரி என்று எழுதிய டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கை தானாக 600 பக்கம் போகும். அதிகம் தாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும்.

அந்த 600 டிகிரி பெயின்ட் சைலன்சர் குழாய்க்கானது. சிலிகான் ரெசின் கலந்த இந்த வகை பெயின்ட், அடித்துக் காய்ந்ததும் இறுகாது. நல்ல சூட்டில் வெந்தால்தான் இறுகும். பல தயாரிப்புகள் படிப்படியாக 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோகச் சொல்கின்றன. சைலன்சரில் அந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். கிராங்க் கேஸோ 100 டிகிரியை ஒட்டித்தான் சூடாகும். அப்படியானால் அங்கே அடித்த பெயின்ட் கடைசிவரை வேகாது. நகத்தால் கீறினால் வரும், பெட்ரோல் சிந்தினால் துணியோடு வரும். 'நல்ல பெயின்ட்தான் வாங்கினேன், ஆனா நிக்கல' என்ற புகாருக்குப் பின்னால் இருக்கும் காரணம் பல நேரம் இதுதான்.

கிராங்க் கேஸ், கவர்கள், பேரல், ஹெட் ஆகியவற்றுக்கு 'இன்ஜின் எனாமல்' என்ற வகை போதும். 250 டிகிரியை ஒட்டித் தாங்கும், ஆயிலையும் பெட்ரோலையும் ஓரளவு சமாளிக்கும். இதிலும் பல தயாரிப்புகளை 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் நன்றாக இறுகும். கழற்றிய கவரை வெப்பமான பெட்டியிலோ ஹீட் கன்னிலோ காட்டலாம். கேக் செய்யும் ஓவனில் வைக்கும் யோசனை வேண்டாம்; அதன் ஆவி சாப்பாட்டில் சேரும்.

அடிக்கும்போது ஒரே தடவையில் மூடிவிட நினைக்காமல், பனி படர்ந்த மாதிரி மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். ஃபின்களுக்கு மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில் என்று கோணம் மாற்றி அடித்தால்தான் உள்ளே போகும். இரண்டு கோட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதை மீறினால் அடியில் இருப்பது சுருங்கிச் சுருக்கம் விழும். எனாமலுக்கு மேல் என்.சி. லேக்கர் அடித்தாலும் இதே கதிதான், அதன் தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், ஈரக்காற்று அதில் படிந்து கிளியர் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும்.

கடினப்படுத்தும் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் மிக உறுதியானது. ஆனால் அதில் ஐசோசயனேட் உள்ளது. ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. துணி மாஸ்க் போட்டு வீட்டில் அடிக்கும் சமாச்சாரம் அல்ல. தனியாகக் காற்று செலுத்தும் முகமூடி இருக்கும் பெயின்ட் பூத்தில் கொடுத்துவிடுவதே சரி.

கறுப்பு அடிச்சா இன்ஜின் சூடாகுமா?

இல்லை. வெயிலில் கறுப்புச் சட்டை போட்டால் சுடும் என்ற அனுபவத்திலிருந்து வரும் பயம் இது. இன்ஜினில் சூடு உள்ளிருந்து வெளியே போக வேண்டும். கறுப்பு மேற்பரப்பு சூட்டை வெளியே கதிர்வீசுவதிலும் கெட்டி. வண்டி ஓடும்போது பெரும்பகுதிச் சூட்டைக் காற்றுதான் அள்ளிக்கொண்டு போகிறது என்பதால் நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

கவலைப்பட வேண்டியது கனத்தைப் பற்றி. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் பெயின்டைவிடப் பல நூறு மடங்கு கெட்டிக்காரன். மெல்லிய பூச்சால் பாதிப்பில்லை. பழசை எடுக்காமல் அதற்கு மேல் அதற்கு மேல் என்று அடித்து, நடுவில் சேறும் பிசுக்கும் சேர்ந்து ஃபின் இடைவெளியே அடைபட்டால் இன்ஜின் குளிராது. பள்ளத்தை மறைக்க பட்டி பார்ப்பதும் ஃபின்களில் கூடாது.

இன்ஜின் நம்பர் போனா என்ன ஆகும்?

இன்ஜின் நம்பர் பொதுவாக கிராங்க் கேஸில்தான் பொறித்திருக்கும். பஃபிங் சக்கரத்திலோ பிளாஸ்டிங்கிலோ அந்த எழுத்து தேய்ந்துபோனால், அல்லது கனமான பெயின்டில் மூழ்கிப்போனால், அது வெறும் அழகுப் பிரச்னை அல்ல. சொந்த உபயோக பைக்குக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும் நிலையில் இருக்கும் பெரும்பாலான வண்டிகள் இந்த வயதைத் தாண்டியவைதான். ஆய்வில் வண்டியில் இருக்கும் நம்பரும் ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். தேய்ந்த நம்பரைப் பார்த்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். தேய்த்தது பெயின்டர் என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி.

வேலையைத் தொடங்கும் முன்பே நம்பரைத் தெளிவாக போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நல்ல கனமான டேப் ஒட்டி, இங்கே மெஷின் படக்கூடாது என்று பெயின்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய பெயின்டைக் கையால், மென்மையான பிரஷ்ஷால் எடுத்து ஒரே ஒரு மெல்லிய கோட் போதும்.

எல்லாத்துக்கும் பெயின்ட் தேவையா?

தேவையில்லை. பஃபிங் செய்து கண்ணாடி மாதிரி ஆக்கிய கவருக்குக் கிளியர் அடிக்காமல் விடுவதே நல்லது. வழுவழுப்பான மேற்பரப்பில் கிளியருக்குப் பிடிமானம் இல்லை, சீக்கிரம் மஞ்சளாகி உரியும். வெறுமனே விட்டால் மங்கும்தான், ஆனால் மாதம் ஒருமுறை மெட்டல் பாலீஷும் கொஞ்சம் மெழுகும் போட்டால் திரும்ப வந்துவிடும். அதே போல கம்பெனி பூச்சு முக்கால்வாசி நன்றாக இருக்கும் இன்ஜினில், போன இடத்தை மட்டும் சரி செய்வது புத்திசாலித்தனம். பழமை மாறாத வண்டியைத் தேடுபவர்கள் புது பெயின்டைவிட பழைய ஒரிஜினல் பூச்சுக்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பார்கள்.

வண்டியில் மாட்டிய நிலையிலேயே அடித்திருந்தால், முதல் ஸ்டார்ட்டில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, அணைத்து, முழுக்க ஆறவிட்டு மறுபடி என்று இரண்டு மூன்று முறை செய்யலாம். நின்ற இடத்தில் காற்று கிடைக்காது என்பதால் எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்துவிடுங்கள். லேசாகப் புகை வரும், வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம். முதல் ஒரு வாரம் வாட்டர் வாஷ் பக்கம் போகாதீர்கள்.

புது பெயின்ட் அடிச்ச பழைய பைக் வாங்கப் போறீங்களா?

அப்படியென்றால் மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாகப் பாருங்கள். விற்பதற்காக அவசரமாக அடித்த இன்ஜினில் போல்ட் தலை, வயர், ரப்பர் ஹோஸ் மீதெல்லாம் சில்வர் தெறித்திருக்கும். ஃபின்களின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் பழைய துருவும் பிசுக்கும் அப்படியே தெரியும். விரிசலுக்கு வெல்டிங் வைத்த தழும்பு, எம்-சீல் போட்டு அடைத்த மேடு ஆகியவற்றைப் புது பெயின்ட் நிறத்தால் மறைக்கும், விரலால் தடவினால் தெரிந்துவிடும். இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் கனமாகவோ, சுற்றிலும் தேய்த்த தடமோ இருந்தால் ஆர்.சி.யைக் கையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சைலன்சரில் கை படாமல், பேக்கிங் ஓரங்களில் வெள்ளைத் துணியை ஒற்றி எடுங்கள். துணியில் எண்ணெய் ஈரம் வந்தால், விலை பேசுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.